ஜீவனை அறிகிற அன்பு



நீதிமான் தன் மிருகஜீவனைப் பேணுவான் என்பது நீதிமொழிகள் 12:10 நமக்குக் கற்பிக்கும் பாடம். எபிரெய மூலத்தில் அவ்விடத்தில் நிற்கும் வினைச்சொல் 'அறிதல்' என்று பொருள்படுவது. தன் மிருகத்தின் ஜீவனை அறிகிறவனே நீதிமான். அச்சொல்லின் ஆழத்தை எங்கள் வீட்டுப் பூனையின் நோய் எனக்கு உணர்த்திற்று.

அதற்கு வயது 14. நாட்பட்ட சிறுநீரக நோய் உண்டு. சில வாரங்களுக்கு முன் அதன் தலை தாழ்ந்து, மோவாய் மார்பைத் தொடும்படி தொங்கியது. எங்களைப் பார்க்க விரும்பினால் கண்களை மட்டும் உயர்த்தியது. கண்டவர்கள் முதுமை என்றார்கள். கால்நடை மருத்துவரோ இரத்தத்தைச் சோதித்து, பொட்டாசியம் குறைந்துவிட்டது என்றார். அது ஏறத்தாழ 3.5 முதல் 5.5 வரை இருக்கவேண்டும்; எங்கள் பூனைக்கு 2.8 ஆக இறங்கியிருந்தது.

நலிந்த சிறுநீரகம் பொட்டாசியத்தைக் காத்துக்கொள்ள இயலாமல் சிறுநீரில் இழக்கிறது. பசி குன்றுவதால் உணவின் வழியே வரும் வரவும் சுருங்குகிறது. அதனால் தசைகள் தளர்கின்றன. வேறு சில விலங்குகளுக்கு உள்ளதுபோல் கழுத்தைத் தாங்கும் வலிய பிடரி நாண் பூனைக்கு இல்லை. ஆகவே தளர்ச்சி கழுத்தில் வெளிப்படுகிறது.

"இளநீர் கொடுத்தால் போதாதா, ஐயா?" என்று சபையார் ஒருவர் பரிவோடு கேட்டார். போதாது, அன்பானவர்களே. குறைந்தால் கழுத்தைத் தாழ்த்தும் அதே உப்பு, மிகுந்தால் இருதயத்தையே நிறுத்தவல்லது. நோயுற்ற சிறுநீரகத்தால் மிகுதியை வெளியேற்றவும் இயலாது. ஆகையால் மருத்துவர் பூனையை நிறுத்துப் பார்த்து, பொட்டாசியம் குளுக்கோனேட்டை உணவோடு காலையும் மாலையும் தரும்படி அளவு குறித்துக் கொடுத்தார். மீண்டும் இரத்தத்தைச் சோதித்த பின்னரே அளவை மாற்றினார். நிலை மிகக் கடுமையானால் மருத்துவமனையில் நரம்பின் வழியே ஏற்றுவார்கள். அதையும் மெல்ல மெல்லவே செய்வார்கள்.

சில நாட்களில் தலை நிமிர்ந்தது. சிறுநீரக நோய் நீங்கவில்லை; நீங்கப்போவதுமில்லை. "ஒரு பூனைக்கா இத்தனை பாடு?" என்று கேட்போர் உண்டு. நினிவேக்காகப் பரிதபித்த தேவன் அந்நகரத்து மிருகஜீவன்களையும் கணக்கில் சேர்த்தார் என்பதை யோனாவின் புத்தகம் தன் கடைசி வரியில் சொல்லி முடிகிறது. அவருடைய கணக்கைவிட நம் கணக்கு சிறிதாய் இருக்கலாமோ?

உங்கள் இல்லத்திலும் தலை தாழ்ந்த ஒருவர் இருக்கக்கூடும். முதுமை என்றோ, சோம்பல் என்றோ, விசுவாசக் குறைவு என்றோ விரைந்து தீர்ப்பிடாதிருங்கள். சூரைச்செடியின் கீழ்ச் சாக விரும்பிப் படுத்திருந்த எலியாவைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டார், அப்பமும் தண்ணீரும் தந்தார், மறுபடியும் உறங்கவிட்டு, மறுபடியும் தந்தார். அவன் போகவேண்டிய தூரத்தையும் அவனுடைய பெலனையும் அறிந்தே அவர் கொடுத்தார். அருகில் அமர்ந்து கேளுங்கள். அவர்களுடைய குறை இன்னதென்று அறியுங்கள். தேவையானதைத் தேவையான அளவில், நாள்தோறும் தவறாமல் கொடுங்கள்.

ஜெபம்: எங்கள் உருவம் இன்னதென்று அறிந்திருக்கிற பிதாவே, எங்கள் கையில் நீர் ஒப்புவித்த ஜீவன்களை நாங்களும் அறிந்து பேணக் கிருபை தாரும். ஆமென்.