கோட்டைக்கு முன்பே ரிப்பன் மாளிகையில்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது முதலில் யார்? சென்னையில் எந்த டீக்கடையில் இந்தப் பேச்சு எழுந்தாலும், பதிலை வைத்தே சொல்பவரின் கட்சியைக் கண்டுபிடித்துவிடலாம். காமராஜர் என்பார் ஒருவர். எம்.ஜி.ஆர். என்று இன்னொருவர் குரலை உயர்த்துவார். கொஞ்சம் வரலாறு படித்தவர் பக்கத்தில் இருந்தால், “அதுக்கெல்லாம் முன்னாடி நீதிக்கட்சி ஆட்சியிலேயே வந்துடுச்சு” என்று வழக்கை முடித்துவைப்பார்.

இந்த மூன்றாவது பதில்தான் என்னைத் தேடவைத்தது. அதில் தேதி இடிக்கிறது.

ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிபன் கொடுக்கலாம் என்று தீர்மானம் நிறைவேறியது 1920 செப்டம்பர் 16 அன்று. சுப்பராயலு ரெட்டியார் தலைமையில் நீதிக்கட்சி அமைச்சரவை பதவியேற்றதோ அதே ஆண்டு டிசம்பரில். தீர்மானம் வந்த நாளில் அந்த ஆட்சிக்கான தேர்தல்கூட நடந்திருக்கவில்லை. அப்படியானால் முடிவெடுத்த இடம் கோட்டை அல்ல; சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், 1913இல் கட்டி முடித்த ரிப்பன் மாளிகை. முடிவெடுத்தவர்கள் அமைச்சர்கள் அல்லர், நகரசபை உறுப்பினர்கள்.

அந்த மன்றத்துக்குத் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். மேயர் என்ற பட்டம் இந்த ஊருக்குத் திரும்ப வந்தது 1933இல்தான். அதற்குமுன் தலைவர் என்றே பெயர். அதிகாரியாக இல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவர். வடசென்னைக்காரர், நெசவும் வணிகமும் குடும்பத் தொழில். அந்த டிசம்பரில் முதல் அமைச்சர் பதவி தேடிவந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டவர். தியாகராய நகர் அவர் பெயரில் இருக்கிறது. ஆனால் தி.நகருக்குத் துணி எடுக்கப் போகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இந்த டிபன் கதை தெரியும் என்பது வேறு விஷயம்.

மன்றத்தில் அவர் சொன்ன காரணம் எளிமையானது. அந்தப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் ஏழைகள். பசியால் வருகை குறைகிறது. செலவு ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவைத் தாண்டக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். பதினாறு அணா ஒரு ரூபாய். வரி கட்டுகிறவர்களுக்கே நகரசபை வாக்கு என்றிருந்த காலம் அது. அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவில் பெரும்பாலோருக்கு வாக்கு இருந்திருக்காது. வாக்குக்குக் கொடுத்த சோறு என்று இதைச் சொல்லிவிட முடியாது.

பலன் உடனே தெரிந்தது. திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் போனது. ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 1922-23இல் 811 பிள்ளைகள்; 1924-25இல் 1671. இரண்டே ஆண்டில் இரட்டிப்பு.

அதோடு நின்றும்போனது. 1925 ஏப்ரல் 1 முதல் டிபன் கிடையாது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்க அரசு ஒப்பவில்லை. “பிரிட்டிஷ் அரசு நிறுத்தியது” என்று ஒரு வரியில் கடந்துபோவது வழக்கம். எனக்கு அங்கே கொஞ்சம் நிற்கத் தோன்றியது. இரட்டையாட்சி முறையில் கல்வியும் உள்ளாட்சியும் இந்திய அமைச்சர்களின் பொறுப்பில் இருந்த துறைகள். 1925இல் முதல் அமைச்சர் பனகல் அரசர், அவரும் நீதிக்கட்சிதான். நகரசபையில் நீதிக்கட்சித் தலைவர் தொடங்கிவைத்தது, கோட்டையில் நீதிக்கட்சி அமைச்சரவை இருக்கும்போதே நின்றது. தியாகராயர் காலமானதும் அந்த 1925இல்தான். டீக்கடைப் பெரியவரின் பதில் தலைகீழாக நிற்கிறது என்று தோன்றினாலும், அவரிடம் போய் இதைச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

நகரசபை விடவில்லை. 25 பள்ளிகளில் ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்காவது சாப்பாடு வேண்டும் என்ற கோரிக்கை பின்னர் அதே மன்றத்திலிருந்து மறுபடி கிளம்பியது.

அதற்குப் பிந்தியது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1956இல் காமராஜர், கல்வித் துறையை நடத்திய நெ.து.சுந்தரவடிவேலு, ஊர் ஊராக வந்த நன்கொடை. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு. இதில் யாரும் பேசாத ஒன்று உண்டு. சத்துணவு கிராமங்களிலிருந்து நகரங்களுக்கு வந்தது அந்த ஆண்டு செப்டம்பரில். அப்போது சென்னை மாநகராட்சியில் மன்றமே இல்லை. மஸ்டர் ரோல் (வேலையாட்கள் வருகைப் பதிவேடு) ஊழலைக் காரணம் காட்டி 1973இல் கலைத்ததுதான். 1996 வரை தேர்தல் நடக்கவில்லை. இருபத்து மூன்று வருடம் கவுன்சிலர் இல்லாத நகரம்! இந்த யோசனையை முதலில் சொன்ன சபை, அது பெரிதாகத் திரும்பி வந்தபோது வரவேற்கக்கூட ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது. நகரத்தின் பங்கு ஞாபகத்திலிருந்து நழுவியதற்கு அந்த இருபத்து மூன்று வருடம் பாதிக் காரணம் என்பேன்.

மறுபடியும் அதேபோல ஓர் இடைவெளி வந்தது. 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். 200 வார்டுகளுக்கும் கவுன்சிலர்கள் வந்து ஆறு மாதம் சற்றே தாண்டியிருந்தது; செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார் மு.க.ஸ்டாலின். 1996இல் சென்னை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் மேயர் அவர்தான். மேயராக இருந்து முதல்வரானவர் கையிலிருந்து இந்தத் திட்டம் வந்ததில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

இப்போது உத்தரவு கோட்டையிலிருந்து அரசாணையாக வருகிறது. சமையல், வண்டி, ஆள் எல்லாம் நகரத்தில் மாநகராட்சியின் தலையில். திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல், வியாழன் மறுபடி உப்புமா, வெள்ளி கிச்சடியோடு கேசரி என்று பட்டியல் வகுத்துத் தொடங்கினார்கள். சாம்பார் தண்ணியாக இருந்தால் கோட்டைக்கு யாரும் போன் போடுவதில்லை. தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று காலையிலேயே வாசலில் ஆள் நிற்கும் கவுன்சிலர் வீட்டுக்குத்தான் அந்தப் புகாரும் போகிறது.