மட்டாஞ்சேரியில் ஒரு வெண்கலப் பானை

கொச்சிக்குப் போகிறவர்கள் என்ன வாங்கிக்கொண்டு வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் ஏலக்காய், கொஞ்சம் மிளகு, ஒரு கசவுப் புடவை, இரண்டு பொட்டலம் நேந்திரங்காய் வறுவல். சாமர்த்தியசாலிகளாக இருந்தால் வறுவலை ரயிலிலேயே தீர்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும், "அங்கே வறுவல் அவ்வளவு நன்றாக இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். அடுத்த தடவை நீங்கள் அந்தப் பக்கம் போனால், எனக்காக ஒரு மூன்று மணி நேரம் ஒதுக்கி, மட்டாஞ்சேரிக்குப் போய் வாருங்கள். அங்கே யூதர் தெருவில் இருக்கும் பழைய சாமான் கடைகளில் ஒன்றிலாவது நுழைந்து பாருங்கள். ஒன்றும் வாங்க வேண்டாம், பார்த்தால் போதும்.

எர்ணாகுளம் படகுத்துறையில் படகு ஏறிக் காயலைக் கடப்பதுதான் அழகான வழி. 2023-ல் ஆரம்பித்த வாட்டர் மெட்ரோ படகுகளும் காயலில் ஓடுகின்றன. கோட்டைக் கொச்சியில் இறங்கினால், கடல் வாயில் சீன வலைகள் தூக்குவதும் இறக்குவதுமாக இருக்கும். வீட்டில் ஆண்பிள்ளைகள் கூட வந்திருந்தால் அவர்களை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம். மீன் விழுகிறதா இல்லையா என்று பார்ப்பதற்கே ஒரு மணி நேரம் ஆகும். எப்படியாவது கிளப்பி, ஓர் ஆட்டோவில் ஏற்றிவிடுங்கள். சிறிது நேரத்தில் மட்டாஞ்சேரி வந்துவிடும்.

முதலில் கண்ணில் படுவது 'டச்சு அரண்மனை'. ஆனால் அதைக் கட்டியவர்கள் டச்சுக்காரர்கள் அல்ல. 1555-ஐ ஒட்டிப் போர்ச்சுக்கீசியர்கள் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தார்கள். 1663-ல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் அதைப் பழுது பார்த்தார்கள். பெயர் அவர்களுக்கே நிலைத்துவிட்டது! சமைப்பவர் ஒருவர், பரிமாறிப் பெயர் வாங்குகிறவர் இன்னொருவர் என்பது நம் வீடுகளிலும் நடப்பதுதானே?

அரண்மனைக்குப் பக்கத்தில் 1568-ல் கட்டிய யூதர்களின் தொழுகைக்கூடம். தரையெல்லாம் சீனாவிலிருந்து வந்த நீலச் சித்திர ஓடுகள். மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகள். 1968-ல் இதன் 400-வது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். தபால் தலையும் வெளியிட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே தெரு காலியாக ஆரம்பித்துவிட்டது. 1948-ல் இஸ்ரேல் பிறந்த பிறகு ஒவ்வொரு குடும்பமாகக் கப்பல் ஏறியது. கடைசி வரை ஊரைவிட்டுப் போகாமல், தன் வீட்டு வாசலிலேயே கை எம்பிராய்டரி கடை நடத்திவந்த ஒரு மூதாட்டியைக் கொச்சிக்குப் போனவர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். 2019-ல், தமது 96-வது வயதில், அவரும் காலமானார். (வெள்ளிக்கிழமை அரண்மனைக்கு விடுமுறை, சனிக்கிழமை தொழுகைக்கூடத்துக்கு விடுமுறை. நாள் பார்த்துப் போங்கள்.)

மனிதர்கள் போய்விட்ட தெருவில் இப்போது சாமான்கள் குடியிருக்கின்றன. ஒரு காலத்தில் மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்த பண்டகசாலைகள் பழைய சாமான் கடைகளாகிவிட்டன. வாசலைப் பார்த்தால் பெட்டிக்கடை மாதிரி இருக்கும். உள்ளே போகப் போக முடிவே இருக்காது. கடைசிக் கதவைத் திறந்தால் காயல்! முன்பு சரக்குப் படகுகள் வந்து நின்ற துறை அது. சுவரில் இன்னமும் லேசாகச் சுக்கு வாசனை அடிக்கிறது.

நாங்கள் நுழைந்த கடையில், மாட்டு வண்டிச் சக்கரம் அளவுக்கு ஓர் உருளி கிடந்தது. "இதில் நீ ஒரு நாள் பாயசம் வைக்க வேண்டும்" என்றார் என் கணவர். "வைக்கிறேன். நூறு பேரை அழைத்து வாருங்கள்" என்றேன். அப்புறம் அவர் பாயசத்தைப் பற்றிப் பேசவில்லை.

யோசித்துப் பார்த்தால் இந்தக் கடைகளின் கதையே அதுதான். நூறு பேர் சேர்ந்து சாப்பிட்ட வீடுகள் போய்விட்டன. கேரளத்தில் கூட்டுக் குடும்ப முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ல் அமலுக்கு வந்தது. தறவாடுகளைப் பாகம் பிரித்தார்கள். நிலத்தைப் பிரிக்கலாம், ஓர் உருளியை எப்படிப் பிரிப்பது? நம் செட்டிநாட்டிலோ கதை வேறு. 1942-ல் யுத்தம் பர்மாவுக்கு வந்தது. அதன் பிறகு அங்கே இருந்த நிலமும் தொழிலும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திய மாளிகைகளைப் பராமரிக்க முடியாமல் தூணைத் தனியாக, கதவைத் தனியாக விற்றார்கள். அந்தத் தூண்களில் சிலவற்றைக் கொச்சியில் பார்க்கிறோம்!

இனி, உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று சொல்கிறேன். வீட்டுக் கூரை மாதிரி மூடி வைத்த நெட்டூர்ப் பெட்டி; நகை வைக்க. ஊறுகாய்க்குச் சீனத்துப் பரணிகள். மூக்கு வைத்த கிண்டி. நாழி, இடங்கழி என்று அளவுப் பாத்திரங்கள். ஸ்வீடனிலிருந்து செட்டிநாட்டு வீடுகளுக்காக வந்து இறங்கிய எனாமல் தூக்குகள். ரவி வர்மா 1894-ல் பம்பாயில் ஆரம்பித்த அச்சகத்தின் பாணியில் லக்ஷ்மி, சரஸ்வதி படங்கள். பாக்குவெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம், மரத்தில் குடைந்த அஞ்சறைப் பெட்டி, தேன்குழல் நாழி, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை, ஈயச் சொம்பு.

ஈயச் சொம்பைக் கையில் எடுத்தபோது எனக்கு ரசத்தின் மணம் வந்துவிட்டது. இந்தக் காலத்துப் பெண்களுக்கு ஒரு வார்த்தை: ஆசைப்பட்டு வாங்கினால், காலியாக அடுப்பில் வைத்துவிடாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடிலேயே உருகிவிடும். உள்ளே தண்ணீரோ ரசமோ இருக்கும்வரைதான் சொம்பு சொம்பாக இருக்கும். அதேபோல், பழைய பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் பூசாமல் புளி விட்டுச் சமைப்பதும் கூடாது.

பழைய சாமான் என்று சொல்லிக் கொடுப்பதெல்லாம் பழசு அல்ல. புது மரத்தைச் சாயத்தில் முக்கி, புதுப் பித்தளையைக் கறுக்க வைத்து நூறு வயது கூட்டிவிடுகிறார்கள். நாம் வயதைக் குறைக்கப் படும் பாட்டை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. கண்டுபிடிப்பது எப்படி? கை படும் இடம் எது என்று பாருங்கள். பெட்டியானால் மூடியின் ஓரம், கிண்டியானால் கழுத்து, அஞ்சறைப் பெட்டியானால் விரல் போகும் குழி. அங்கே மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருந்தால் அது மனிதர்கள் புழங்கிய சாமான். எல்லா இடமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் யாரோ உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள். பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தையும் பாருங்கள். அங்கே யாரும் சாயம் பூச மெனக்கெடுவதில்லை.

ஸ்வாமி விக்கிரகம் என்றால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பம், சித்திரம், கைவினைப் பொருள் போன்றவை நம் 1972-ம் வருஷத்துச் சட்டப்படி 'தொல்பொருள்' ஆகும். அவற்றை வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும். தனி மனிதர்கள் வெளிநாட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. தஞ்சை ஜில்லாவில் பத்தூரில் 1976-ல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த நடராஜர் லண்டன் வரை போய், அங்கே கோர்ட்டில் வழக்கு நடந்து, 1991-ல்தான் ஊர் திரும்பினார். ஆகையால் "இது எங்கிருந்து வந்தது?" என்று தைரியமாகக் கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இப்படிப் பார்த்துக்கொண்டே கடையின் கடைசிக்குப் போனபோதுதான் அந்த வெண்கலப் பானையைக் கண்டேன். நாலு படி அரிசி பொங்கலாம். கழுத்தை ஒட்டிப் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தேன். தமிழ் எழுத்து!

பாத்திரத்தில் பெயர் வெட்டுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாத்திரக் கடை வாசலில் ஒருவர் சிற்றுளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து, டக்டக்கென்று புள்ளி வைத்து எழுதிக் கொடுப்பார். அப்பாவின் தலை எழுத்து, பெண்ணின் பெயர், கல்யாண மாதம், வருஷம். அந்தப் பானையிலும் அப்படியே இருந்தது: ஒரு தலை எழுத்து, ஒரு பெண்ணின் பெயர், "1941 தை". அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவளுடைய பேரன் பேத்திகள் எங்கேயாவது இருப்பார்கள்.

எனக்கு என் பாட்டியின் ஞாபகம் வந்தது. கும்பகோணத்தில் பாட்டிக்கும் இதே மாதிரி ஒரு பானை உண்டு. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பந்தியில் பத்து வீட்டுப் பாத்திரம் கலந்து கிடந்தாலும், விரலால் தடவிப் பார்த்துத் தன்னுடையதை எடுத்துவிடுவாள். உலகத்தில் அவளுக்குப் படிக்கத் தெரிந்தது அந்த ஐந்து எழுத்துத்தான். நான் சிறுமியாக இருந்தபோது, வீட்டில் வெண்கலத்தையும் பித்தளையையும் எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கினார்கள். அதற்காக நான் அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த கை அவளுடையது. தூக்கிய இடுப்பும் அவளுடையது. தராசில் வைக்கும் முன் பாட்டி அந்தப் பானையை ஒரு தடவை தடவினாள். "எழுத்துக்கும் எடை உண்டோடி?" என்று கேட்டாள். கடைக்காரர் சிரித்தார். பாட்டி சிரிக்கவில்லை.

அப்போது எனக்கு அது புரியவில்லை. பிற்பாடு புரிந்தது. வீட்டுப் பத்திரத்தில் தாத்தாவின் பெயர். நிலத்துப் பட்டாவிலும் தாத்தாவின் பெயர். பெண்களுக்குச் சொத்தில் முழு உரிமை தந்த இந்து வாரிசுச் சட்டம் 1956-ல்தான் வந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989-லும், தேசம் முழுவதற்கும் 2005-லும் வந்தது. அதற்கெல்லாம் முன்னால் வாழ்ந்த ஸ்திரீகளில் பலருக்கு 'இது என்னுடையது' என்று பெயர் எழுதி வைத்த ஒரே ஆஸ்தி, பிறந்த வீட்டார் சீராகக் கொடுத்த பாத்திரந்தான்.

"என்ன அம்மா, அந்தப் பானை வேணுமா?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் வந்தார். வயதானவர், மலையாளம் கலந்த தமிழ். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு லாரிச் சாமானோடு வந்து இரண்டு வருஷம் ஆகிறதாம்.

"இதில் எழுதியிருக்கிறதே, பார்த்தீர்களா?"

"எழுத்தா? நான் பூ வேலை என்றல்லவா நினைத்தேன்!"

படித்துச் சொன்னேன். இரண்டு தடவை சொல்லச் சொன்னார். பிறகு பானையில் கட்டியிருந்த விலைச் சீட்டை எடுத்து, அந்தப் பெயரை மலையாளத்தில் மெதுவாக எழுதினார். 'தை' என்றால் அவர்களுடைய மகர மாதம் என்று நான் சொல்ல, அதையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் பேனாவை மூடாமல், அதே சீட்டில் விலையை அடித்து, இரண்டாயிரம் ரூபாய் கூட்டினார்!

"எதற்கு?" என்றேன் திகைப்புடன்.

"பேர் தெரிஞ்ச சாமான் அல்லவா, அம்மா? இனி விலை கூடுதல்தான்" என்றார் அவர், சாந்தமாக.

"படித்துக் கொடுத்ததற்கு உனக்கு நல்ல கூலி" என்றார் என் கணவர். எனக்குக் கோபம் வரவில்லை. பாட்டி அன்று தராசுக்கு முன்னால் கேட்ட கேள்விக்கு மட்டாஞ்சேரியில் ஒரு மனிதர் பதில் சொல்லிவிட்டார். எழுத்துக்கு எடை உண்டு, இரண்டாயிரம் ரூபாய்!

பானையை நான் வாங்கவில்லை. இன்னொருத்தியின் பெயரை என் வீட்டுப் பரணில் ஏற்றி வைப்பதைவிட, அது பெயர் தெரிந்த பானையாக நாலு பேர் கண்ணில் படும்படி இருக்கட்டும் என்று தோன்றியது. யாராவது சொந்தக்காரர் கண்ணில் பட்டாலும் பட்டுவிடாதா?

இதைப் படிக்கும் சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணிலும் இரண்டொரு பழைய பாத்திரம் இருக்கும். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல மாட்டேன். இந்தக் காலத்து வீடுகளில் மனிதர்களுக்கே இடம் போதவில்லை. கொடுப்பதானால் கொடுங்கள். ஆனால் கொடுக்கும் முன் இறக்கித் துடைத்து, கழுத்தோரத்தைப் பாருங்கள். பெயர் இருந்தால், அது யார், எந்த ஊர்ப் பெண், யார் வாங்கிக் கொடுத்தது என்று வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். குழந்தையைக் கூப்பிட்டு அந்தப் புள்ளிகளின் மேல் விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அதற்குக் கொச்சி வரை போக வேண்டியதில்லை. ஒரு ஏணியும் ஒரு ஈரத் துணியும் போதும்.