வெற்றுத் தோட்டா

நான் துப்பாக்கியைத் தொட்டவன் அல்லன். என் நாவல்களில் இரண்டொருவர் சுடப்பட்டு இறந்ததுண்டு. ஆனால் அந்தத் தோட்டாக்கள் பேனாவிலிருந்து புறப்பட்டவை. அப்படிப்பட்ட நான் ஒரு வாரம், தினம் மாலையில், ஒரு வேட்டைக்காரரின் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன் என்றால் வாசகர்கள் நம்புவது கடினந்தான்.

அமெரிக்காவில், பென்ஸில்வேனியாவில் இருக்கும் என் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். போன மூன்றாம் நாளே மனஸ்தாபம். "ஊர் வீட்டை விற்றுவிட்டு என்னோடேயே வந்துவிடுங்கள், அப்பா" என்றான். "என் கண் மூடிய பிறகு விற்றுக்கொள்" என்றேன். அதன் பிறகு சாப்பாட்டு மேஜையில் எங்கள் பேச்சு 'சாதம்', 'மோர்' என்ற அளவில் நின்றது. மாலை வேளையில் நான் பக்கத்து வீட்டுக் கார் ஷெட்டுக்குப் போய்விடுவேன்.

அங்கே ஒரு கிழவர், மான் வேட்டைப் பருவத்துக்காகத் தோட்டா தயார் செய்துகொண்டிருந்தார். குண்டு, மருந்து, பொறி தரும் கேப்பு, இவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் பித்தளைக் கூடு, இந்த நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. சுட்டால் முதல் மூன்றும் செலவாகிவிடும். கூடு மிஞ்சும். அதைப் பொறுக்கிவந்து மறுபடி நிரப்புவது அந்த நாட்டில் பலருக்கு வழக்கம்.

முதல் வேலை பொறுக்குவது. கூட்டின் அடியில் செய்தவர் முத்திரை இருக்கும். அதைப் பார்த்து இனம் இனமாகப் பிரித்தார். வெளி அளவு ஒன்றாயிருந்தாலும் சுவரின் கனம் வேறுபடும். அதனால் உள்ளே இடம் வேறுபடும். அதே மருந்து வேறு அழுத்தம் தரும். பிறகு உள்ளே டார்ச் அடித்து, அடியில் நடுவே ஒரு துளையா, ஓரங்களில் இரண்டா என்று பார்த்தார். ஒரு துளை இருந்தால் பழைய கேப்பை ஓர் ஊசியால் தள்ளிவிடலாம். அது பாக்ஸர் என்ற ஆங்கிலேயர் வகுத்த முறை. இரண்டு துளை, பெர்டான் என்ற அமெரிக்கருடையது. இரண்டும் 1866-இல் பிறந்தவை. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயர் முறை அமெரிக்காவில் நிலைத்தது. அமெரிக்கர் முறை ஐரோப்பாவில் பரவியது. பிள்ளைகள் எங்கே போய் வாழும் என்று பெற்றவர்களுக்கு என்ன தெரியும்!

வாய் வெடித்த கூடுகள் குப்பை டப்பாவில் விழுந்தன. பளபளவென்று ஒன்றையும் அதில் எறிந்தார். "இது நன்றாகத்தானே இருக்கிறது?" என்றேன். நுனி வளைந்த ஒரு கம்பியைக் கையில் கொடுத்தார். உள்ளே விட்டுத் தடவினேன். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே கம்பி ஒரு பள்ளத்தில் இடறியது. சுடும்போதெல்லாம் கூடு நீண்டு அங்கே சுவர் மெலிந்துவிடுகிறதாம். அடுத்த வெடியில் இரண்டாகப் பிரியலாமாம். வெளியே பார்த்தால் ஒரு கீறல் இல்லை.

தேறியவற்றைக் கழுவி, வழவழப்புப் பூசி அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். நீண்டு போனவற்றின் வாயைச் சீவிப் பிசிறு எடுத்தார்.

மறுநாள் நெருப்பு வேலை. செம்பு எழுபது, துத்தநாகம் முப்பது என்ற கலப்புப் பித்தளை அது. சுடும்போது உப்புகிறது, அச்சில் ஒடுங்குகிறது. ஒவ்வொரு தடவையும் இறுகுகிறது. இறுகிய கழுத்து ஒருநாள் வெடிக்கும். ஆகவே அதை அனலில் காட்டி இளக்க வேண்டும். நம் ஊரில் பாத்திரம் அடிக்கும் கன்னாருக்குத் தெரிந்த ரகசியந்தான். ஆனால் கிழவர் கூடுகளைத் தட்டில் நிறுத்திப் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகே கழுத்தில் சுடரைக் காட்டினார்.

"தண்ணீர் எதற்கு?"

"கழுத்து இளகலாம், அடி இளகக் கூடாது. இளகினால் வெடியைத் தாங்காது. சுடுகிறவன் முகத்துக்கே ஆபத்து."

பிறகு, "உங்கள் தேசத்துக் கதை ஒன்று உண்டு" என்று ஆரம்பித்தார். வெள்ளைக்காரப் பட்டாளம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்ததாம். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், யாரும் சுடாமலே வெடித்திருந்தன! காரணத்தை 1921-இல் மூர், பெக்கின்ஸேல், மாலின்ஸன் என்ற மூவர் விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா ஒரு பாதி. கூட்டைச் செய்தபோதே பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கம் மறு பாதி. அந்த இறுக்கம் இல்லாவிட்டால் லாயத்துக் காற்று அதை வெடிக்கச் செய்திருக்காது.

எனக்குச் சுருக்கென்றது. என் மகன் சொன்னதில் அப்படி என்ன தவறு? மனைவி போன பிறகு நாலு வருஷமாக அந்தப் பெரிய வீட்டில் நான் தனியாக இருமிக்கொண்டிருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதானே? நான் வெடித்தது அவன் பேச்சினால் மட்டுமா?

அன்று இரவு சாப்பிடும்போது சொன்னேன்: "வீட்டை விற்றுவிடு. கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் இங்கே வந்து இருக்க மாட்டேன். அதே தெருவில் சின்னதாக ஓர் இடம் பார்த்துக்கொள்கிறேன்."

அவன் சிறிது நேரம் என்னையே பார்த்தான்.

"சரி, அப்பா" என்றான். "இன்னும் கொஞ்சம் மோர் விடட்டுமா?"

வார்த்தை அதே மோர்தான். ஆனால் அன்றைக்கு அது புளிக்கவில்லை.