முறிந்த ஸ்டட்டும் அம்மப்பாவும்

மோட்டார் சைக்கிளில் சைலன்சர் குழாயை எஞ்சின் ஹெட்டோடு பிடித்து வைத்திருப்பது சின்னச் சின்ன இரும்பு ஸ்டட்டுகள்தான். ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. ஓடும்போது அந்த இடம் கொதிக்கும், நின்றால் குளிரும். லண்டனில் குளிர்காலத்தில் வீதிக்குக் கொட்டுகிற உப்பு முன் சில்லில் ஏறி நேரே அங்கேதான் தெறிக்கும். இருபது வருசம் இப்படிப் போனால் இரண்டு உலோகமும் ஒன்றையொன்று விடாது. நட்டைக் கழற்றப் போனால் நட் வராது, ஸ்டட்தான் முறியும்.

அப்பாவின் பழைய ஹோண்டாவில் அப்படி இரண்டு முறிந்திருந்தன. ஒன்று கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மற்றது ஹெட்டின் முகத்தோடு சமமாக, பிடிக்க ஒன்றுமே இல்லை. ஒரு கராஜில் கேட்டோம். ஹெட்டைக் கழற்றி வெளியே அனுப்பவேண்டும் என்றார்கள். சொன்ன கூலி வண்டியின் விலையைவிடக் கூட. பாகம் பாகமாக வித்துவிடலாம் என்றார் என் கணவர். அப்பா வாயே திறக்கவில்லை. எதற்கும் ஒரு எதிர்ப்பேச்சு வைத்திருக்கிற மனிதர் பேசாமல் இருந்தது எனக்கு என்னவோ போல இருந்தது.

அப்பாவுக்கு இரண்டு வருசமாகக் கண்ணின் நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது. ஓரம் தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. எங்களையே குரலை வைத்துத்தான் மட்டுக்கட்டுகிறார். வண்டி ஓடுவதைத் தானாகவே நிறுத்திவிட்டார், ஆனால் வண்டியை விற்கவில்லை. சுன்னாகத்தில் கராஜ் வைத்திருந்தவர். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை இருந்த நாட்களில், துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய ஊர் அது. உதிரிப்பாகம் வராது. ஒரு முறிந்த ஸ்டட்டுக்காக ஹெட்டைத் தூக்கி எறிய அங்கே ஆராலும் முடியாது.

இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டு மேசையில் சொன்னார்: "அது வரும். ஆனா எனக்குத் தெரியாதே. ஆர் பாத்துச் சொல்லுறது?"

என் மகனுக்குப் பதின்மூன்று வயது. "I'll look" என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்து, "நான் பாக்கிறது" என்றான்.

உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவனுக்குத் தெரிந்த தமிழ் குசினித் தமிழ். சாப்பிட்டியா, குளிச்சியா, சப்பாத்தைக் கழட்டு. அப்பாவின் ஆங்கிலமோ வேலையிடத்து ஆங்கிலம். நடுவில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். ஆறு வயதில் இங்கே வந்த நாளிலிருந்து பாங்கிலும் டொக்டரிடமும் அப்பாவுக்காகப் பார்த்த அதே வேலை. சனிக்கிழமைகளில் எனக்குப் பகல் இரண்டு மணிவரை வேலை என்பதால் அவர்கள் இரண்டு பேரும் நான் இல்லாமலே தொடங்கவேண்டி வந்தது.

முதல் வாரம் எண்ணெய் மட்டும். துருவுக்கு அடிக்கிற ஸ்பிரேயைக் காலையும் மாலையும் விடவேண்டும். பிள்ளைக்குப் பொறுமை இல்லை. "அவசரப்பட்டா இன்னொருக்கா முறியும்" என்று அப்பா ஒரே பிடி. அடுத்த வாரம் டாங்கைக் கழற்றித் தூர வைத்து, எண்ணெயைத் துடைத்துவிட்டு, நீட்டிக்கொண்டிருந்த ஸ்டட்டைச் சுற்றி ஹெட்டுக்குச் சூடு காட்டினார்கள். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அந்த வித்தியாசம்தான் பிடியைத் தளர்த்துகிறது. வைஸ் கிரிப்பால் இறுக்கிப் பிடித்து, கழற்றும் பக்கம் திருப்புவதற்கு முதல் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை. பிறகு கழற்றும் பக்கம். திரும்ப இறுக்கு. அரை மணித்தியாலம் இப்படி ஆட்டி ஆட்டி அது வந்துவிட்டது.

மற்றதுதான் வில்லங்கம். வெல்டிங் இருந்தால் அதன் தலையில் ஒரு நட்டை வைத்து ஒட்டித் திருப்பலாம், அதுதான் நல்ல வழி. எங்களிடம் இல்லை. மணிக்கூடு திருத்துகிறவர்கள் பித்தளைக்குள் முறிந்த இரும்பு ஆணியைச் சீனக்காரத் தண்ணீரில் போட்டுக் கரைத்தெடுப்பார்கள் என்று அப்பா ஒரு கதை சொன்னார். உண்மைதான், ஆனால் அதற்கு ஹெட்டைக் கழற்றவேண்டும். கடையில் விற்கிற ஈஸி அவுட் எனக்கும் பிடிக்காது. கடின இரும்பு, உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதில் இறங்காது. முறிந்த ஒன்றுக்குள் முறிந்த இன்னொன்று.

மிச்சம் துளைப்பது. நடுவில் துளைக்கவேண்டும். விலகினால் டிரில் மெத்தென்ற அலுமினியத்துக்குள் ஓடிவிடும், ஹெட் போய்விடும். அப்பா பக்கத்துத் துளையில் புது ஸ்டட்டைப் போட்டு, குழாயிலிருந்து கழன்ற விளிம்புத் தகட்டை அதில் மாட்டி, மற்ற ஓட்டைக்குள் ஒரு பித்தளைக் குழாய்த் துண்டைச் செருகினார். டிரில் அதற்குள்ளால் போனால் நடுவை விட்டு விலகாது. இதெல்லாம் விரலால் தடவித் தடவி. டிரில் பிட் இடப்பக்கம் சுற்றுகிற ரகம். துளைக்கும்போதே கழற்றும் திசையில் இழுக்கும்.

நான் வேலையால் வந்து சப்பாத்தோடு கராஜ் வாசலில் நிற்கிறேன். மகன் கண்ணாடி போட்டு டிரில்லைப் பிடித்திருக்கிறான். அப்பாவின் ஒரு கை எஞ்சினில், காது டிரில் சத்தத்தில். திடீரென்று அப்பா, "சரியுது, சரியுது!" என்றார். பிள்ளை சந்தோசமாக இன்னும் அமத்தினான். அவனுக்குத் தெரிந்தது "சரி" மட்டும்தானே.

"நிமித்து!" என்று நான் கத்தினேன். அதுவும் அவனுக்குத் தெரியாது. ஆனால் என் குரலில் விட்டுவிட்டான்.

தகடு தாங்கிக்கொண்டது, ஹெட்டுக்கு ஒன்றுமில்லை. அப்பா கோபப்படவில்லை. டிரில்லோடு அவன் கையைப் பிடித்து ஒரு பக்கம் சாய்த்து "இது சரியுது", நேரே தூக்கி "இது நிமிந்து நிக்குது" என்று காட்டினார். பிறகு மூன்றாவது ஒன்றைக் கேட்டார்: "அப்ப, சரிசெய்யிறது எண்டா?" பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்து, "சாய்க்கிறதா?" என்றான். அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

நான் மேலே போய் உடுப்பு மாற்றினேன். கீழே வரும்போது கேட்டது: "அம்மப்பா, சரியுதா?" "இல்லையடா, நேர். மெல்லமா அமத்து." பிறகு டிரில் சத்தம் மாறியது. அடுத்த அளவு பிட் போட்டபோது அது கடித்துப் பிடித்து, உள்ளே இருந்த துண்டு தானாகவே சுற்றி வெளியே வந்துவிட்டதாம். நான் பார்க்கவில்லை.

மறையைத் துப்புரவாக்கி, காப்பர் கிரீஸ் பூசி, புது ஸ்டட்டுக்குப் பித்தளை நட் போட்டிருக்கிறார்கள். பித்தளை துருப்பிடித்து ஒட்டாது, அடுத்த முறை கழற்றலாம். அடுத்த சிலிண்டரின் இரண்டு ஸ்டட்டும் இன்னும் முறியாமல் இருக்கின்றன. அவற்றையும் இப்போதே மாற்றிவிடவேண்டும் என்பது மகனின் கட்சி. சும்மா கிடக்கிறதைத் தொடாதை என்பது அப்பாவின் கட்சி. இரண்டு நாளாக அந்தச் சண்டை நடக்கிறது, பெரும்பாலும் தமிழில். நான் தலையிடவில்லை. எண்ணெய் மட்டும் காலையும் மாலையும் விட்டுக்கொண்டிருக்கிறான்.