ஓரங்களையும் எண்ணுங்கள்



தாம்பரத்திலும் சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர் பகுதிகளிலும் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட வீடுகள் பல இப்போது புதுப்பிக்கப்படுகின்றன. சாலைகள் உயர்ந்துவிட்டன, வாசற்படிகள் தாழ்ந்துவிட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பகுதி வீடுகளுக்குள் நீர் புகுந்ததை நம்மில் எவரும் மறக்கவில்லை. ஆகவே தரையை உயர்த்தி, பழைய மொசைக்கை விட்டு, டைல்ஸ் பதிக்கிறார்கள். இதற்குச் செலவாவது பெரும்பாலும் பணி ஓய்வின்போது கைக்கு வந்த பணம். இல்லையேல் பிள்ளைகள் மாதத் தவணையில் வாங்கிய கடன். ஆதலால், எத்தனை டைல்ஸ் வேண்டும் என்ற கேள்வி நம் குடும்பங்களுக்குச் சிறிய கேள்வி அன்று.

நம் பகுதியில் காணப்படும் நடுத்தரமான ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கூடம் 20 அடிக்கு 12 அடி. படுக்கையறைகள் இரண்டு, ஒவ்வொன்றும் 12-க்கு 10. சமையலறை 10-க்கு 8. மொத்தம் 560 சதுர அடி. இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் நான்கு அடங்கிய பெட்டியை 16 சதுர அடி என்று கொண்டால், 35 பெட்டிகள். மீதமே இல்லாமல் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த 35 பெட்டிகளைக் கொண்டு அவ்வீட்டின் தரையை முடிக்க இயலாது.

காரணம் என்ன? நாம் இரண்டடி என்று அழைக்கும் டைலின் உண்மையான அளவு 600 மில்லிமீட்டர். இரண்டடிக்கு அது ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் குறைவு. நான்கு டைல்ஸ் சேர்ந்தால் 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடியே. எனவே 37 பெட்டிகள் வேண்டும். பத்தடி அகல அறையில் ஐந்து டைல்ஸ் வரிசையாக வைத்துப் பாருங்கள். சுவரோரத்தில் ஒன்றரை அங்குலத்துக்கும் மேலாக வெற்றிடம் நிற்கும். அதை நிரப்ப முழு டைலை வெட்ட வேண்டும். வெட்டும்போது சில உடையும். சில துண்டுகள் எங்கும் பொருந்தா. அதனால் நேராகப் பதிப்பதற்கு 10 விழுக்காடும், மூலைவாட்டில் பதிப்பதற்கு 15 விழுக்காடும் கூட்டிக்கொள்வது வழக்கம். நேராகப் பதிப்பதாயின் 616 சதுர அடி, 40 பெட்டிகள்.

இன்னும் முடியவில்லை. சுவரடியில் நான்கு அங்குல உயரத்துக்கு ஸ்கர்ட்டிங் உண்டு. வாசல்களைக் கழித்தால் இந்நான்கு அறைகளின் சுற்றளவு ஏறத்தாழ 168 அடி. ஒரு டைலிலிருந்து ஆறு துண்டுகள் கிடைக்கும் என்றாலும் 15 டைல்ஸ், அதாவது நான்கு பெட்டிகள் தேவை. ஆக மொத்தம் 44. முதலில் நாம் எண்ணியது 35.

இந்த ஒன்பது பெட்டிகளும் எங்கே மறைந்திருந்தன? அறையின் நடுவில் அல்ல. சுவரோரத்திலும், மூலையிலும், உடையப்போகிறவற்றிலும் மறைந்திருந்தன.

பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்போர் உண்டு. பெயரும் வடிவமும் ஒன்றாக இருந்தாலும், வேறொரு முறை சூளையில் வெந்த டைலின் நிறம் சற்று மாறும். பெட்டியின்மேல் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் அச்சிட்டிருப்பது அதற்காகவே. கடையில் அதே பேட்ச் தீர்ந்துவிட்டால், நம் நாட்டு டைல்ஸில் பெரும்பங்கு உருவாகும் குஜராத்தின் மோர்பியிலிருந்து புதிய சரக்கு வரலாம். பழைய பேட்ச் வராது. இழப்பு வீட்டுக்காரருக்கு மட்டுமா? டைல்ஸ் இல்லாத நாளில் மேஸ்திரிக்கும் அவருடைய உதவியாளுக்கும் வேலையில்லை. வேலையில்லாவிடில் கூலியும் இல்லை. கூலிக்காரனின் கூலியைப் பொழுதுபோகுமுன் கொடுக்கச் சொல்லும் உபாகமம் 24-ஆம் அதிகாரம், அவனுடைய அன்றாட அப்பத்தை நம் கணக்கின் உள்ளே வைக்கிறது. நாம் எண்ணத் தவறியதற்கு அவன் பட்டினி கிடக்கலாகாது.

லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர், கோபுரம் கட்ட விரும்பும் ஒருவன் முன்னதாகவே செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று கேட்கிறார். கட்டுமான வேலையின் இயல்பு அவர் அறியாததன்று. மாற்கு 6:3-இல் நாம் தச்சன் என்று வாசிக்கும் இடத்திலுள்ள தெக்தோன் என்ற கிரேக்கச் சொல், கட்டட வேலை செய்யும் கைவினைஞரையும் குறிக்கும். அவர் அந்த உவமையைச் சொன்னது சீஷராக வர விரும்புவோரைத் துரத்துவதற்காக அல்ல. அஸ்திபாரம் போட்டவர் பாதியில் விட்டுவிடாதிருப்பதற்காக. "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு அளவுநாடாவை எடுக்காதிருப்பது விசுவாசம் ஆகாது.

நம்முடைய மற்ற வாக்குறுதிகளிலும் நாம் நடுப்பகுதியை மட்டுமே எண்ணுகிறோம். ஓர் ஏழை மாணவியைப் படிக்க வைப்பதாகச் சொல்லும்போது, முதலாண்டுக் கட்டணத்தை எண்ணுகிறோம். பேருந்துச் செலவையும் மூன்றாம் ஆண்டையும் எண்ணுவதில்லை. முதிய பெற்றோரை அழைத்து வந்து வைத்துக்கொள்ளும்போது, ஓர் அறையை எண்ணுகிறோம். இரவில் மும்முறை எழுந்திருப்பதை எண்ணுவதில்லை. பின்பு அன்பு குறைந்துவிட்டது என்று வருந்துகிறோம். அன்பு குறையவில்லை, ஓரங்கள் எண்ணப்படவில்லை. அந்தப் பத்து விழுக்காடு வீண் அல்ல. மனிதக் கைகள் வெட்டும், சில நேரம் உடைக்கும் என்பதை முன்னரே ஏற்றுக்கொள்ளும் தாழ்மை அது.

வீட்டு வேலை தொடங்கவிருப்போர் இவ்வாரமே ஒவ்வோர் அறையையும் அளந்து, மேஸ்திரியை உடன் வைத்துக்கொண்டு எழுதுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் சதுர மீட்டர் அளவைப் பாருங்கள். ஒரே பேட்சில் எல்லாவற்றையும் வாங்குங்கள். வேலை முடிந்தபின் எஞ்சும் நான்கைந்து டைல்ஸைப் பத்திரமாக வையுங்கள். குழாய் பழுதாகித் தரையை உடைக்கும் நாளில் அவை உதவும். வீடு புதுப்பிக்காதோர், தாங்கள் கொடுத்திருக்கும் வாக்குறுதி ஒன்றை எடுத்து, அதன் ஓரங்களை எண்ணிப் பார்ப்பார்களாக.

தொடங்கினதை முடிக்கும் பெலனைக் கர்த்தர் உங்களுக்கு அருளுவாராக. ஆமென்.