தகப்பனார் பெயர்

அபர்டீனில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பினேன். "அங்க பொழுது எப்படி சார் போச்சு?" என்று பலர் கேட்டீர்கள். சம்பந்தி அம்மாவின் தாத்தாவைத் தேடிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், நிஜம்தான்.

மாப்பிள்ளை ஸ்காட்லாந்துக்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய அம்மாவுக்கு வயது 82. அவர் தாத்தாவின் அப்பா மீனவர், கடலுக்குப் போனவர் திரும்பவே இல்லை என்பது அவர்கள் வீட்டுக் கதை. கண்ணை மூடுவதற்குள் அந்த மீனவர் பெயரை ஒரு பதிவேட்டிலாவது பார்த்துவிட வேண்டும் என்றார். முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பதிவேடு எழுதியவன் ஆயிற்றே, நான் தேடித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன்.

அந்த நாட்டில் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் 1855 ஜனவரி 1 முதல் அரசாங்கம் பதிகிறது. அதற்கு முன்னால் ஊர்ச் சர்ச்சின் ஏடுகள்தான். அவற்றில் பெரும்பாலும் ஞானஸ்நானத் தேதிதான் இருக்கும். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி வேறு போட்டார்கள். ஏழைகள் பலர் எழுதவே வரவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லோர் பெயரும் 1841 முதல் கிடைக்கிறது. ஆனால் அந்த வருஷம் பெரியவர்களின் வயதை ஐந்து ஐந்தாகக் குறைத்து எழுதச் சொல்லிவிட்டார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். கையைத் தலைக்கு மேல் வைத்துக் காதைத் தொடச் சொல்லிவிட்டு, ஜூன் மாதத்தில் ஒரு பிறந்த தேதி போட்டுக்கொடுத்த எங்களுக்கு இது புதிதா என்ன!

தாத்தாவின் 1893ஆம் வருஷத் திருமணப் பதிவு முதல் நாளே கிடைத்துவிட்டது. மாப்பிள்ளை, பெண் இருவரின் அப்பா அம்மா பெயரும் அதில் இருந்தன. அம்மாவுக்குப் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரையும் சேர்த்தே எழுதுவார்கள். அப்பா, மீனவர், காலமானவர் என்று இருந்தது. அப்படியானால் 1868 வாக்கில் பிறப்புப் பதிவு இருக்க வேண்டுமே? இல்லை. அப்பாவின் குடும்பப்பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் போட்டுப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் காசு. பாவம், மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. இரண்டு மாதம் போயிற்று.

வழி காட்டியது பேத்தி. பள்ளியில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்: அந்தக் காலத்தில் அங்கே மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர். நம் ஊர் மாதிரியேதான், 'பெயரன்'தானே பேரன். "அப்படின்னா மூத்த பையனுக்கு ஏன் தாத்தா அந்த மீனவர் பேரை வைக்கலை?" என்றாள். வைத்திருந்தது வேறு பெயர். நடுப்பெயரோ, திருமணப் பதிவில் இருந்த அம்மாவின் குடும்பப்பெயர்.

அந்தக் குடும்பப்பெயரில் தேடினேன். ஐந்து நிமிஷம் ஆகவில்லை. 1868, பான்ஃப்ஷயர். அம்மா பண்ணை வேலைக்காரி, வயது 19. தகப்பனார் பெயர் எழுத வேண்டிய இடம் காலி.

1871 கணக்கெடுப்பில் அந்தப் பிள்ளை தாத்தா பாட்டி வீட்டில் இருக்கிறான். சன்னல் வைத்த அறை இரண்டு, ஆட்கள் ஏழு. குடும்பத் தலைவருக்கு உறவு: பேரன். பெற்றவளோ ஏழு மைல் தள்ளி வேறொரு பண்ணையில். தன்னை வளர்த்த அந்தத் தாத்தாவின் பெயரைத்தான் அவர் மூத்த மகனுக்கு வைத்திருக்கிறார்.

மூப்பர் சபையின் குறிப்பேடுகளையும் இப்போது படமாகப் பார்க்க முடிகிறது. அதில் அந்தப் பெண்ணை நிற்கவைத்து, குழந்தைக்கு அப்பன் யார் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் சொன்ன பெயர் திருமணப் பதிவில் இருந்த அதே பெயர். ஆனால் ஆள் மீனவர் இல்லை; ஆறு மாதத்துக்கு ஒரு பண்ணை மாறும் உழவுக்கூலி. கடலும் இல்லை, புயலும் இல்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அம்மாவின் பெயர் முதல் நாளிலிருந்து என் கண்ணெதிரே இருந்தது. ஏன் அதில் தேடவில்லை? அப்பா பெயரை மட்டுமே கேட்டுப் பழகிய கை.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றார் மாப்பிள்ளை. ஆனால் அவரே கேட்டபோது என்னால் மறைக்க முடியவில்லை. சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவளுக்கு என்ன வயது என்றீர்கள்?" என்று கேட்டார். 19 என்றேன். 1871ஆம் வருஷப் பக்கத்தை மட்டும் அச்செடுத்துத் தரச் சொன்னார். இப்போது அது அவர் சமையலறைச் சுவரில் இருக்கிறது.

இனி வருவது உங்களில் ஒருவனுக்கு. 1986 ஜூன், ஆறாம் வகுப்புச் சேர்க்கை. வரிசையில் நாற்பது பேர் இருந்தார்கள். உன் அம்மா தகப்பனார் பெயர் சொல்லத் தயங்கினார். நான் சத்தமாக மூன்று முறை கேட்டேன். நீ அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உனக்கு மறந்திருக்காது, எனக்கும் மறக்கவில்லை. அம்மா இருக்கிறார்களா? இருந்தால் நான் வந்து பார்க்க வேண்டும். பெயர் போட வேண்டாம். உள்பெட்டியில் ஒரு வரி எழுது.