பாங்கு கேட்கும் தூரம்

"பாங்கு கேக்கிற தூரத்தில தங்கு மனே."

கொழும்புக்குப் புறப்படும் எவருக்கும் என் வாப்பா சொல்லும் புத்திமதி இதுதான். வாப்பா நெல் வியாபாரி. வருடத்தில் நாலைந்து தடவை கொழும்புக்குப் போய் வருவார். 1983 ஜூலையில் அவர் மருதானையில் நின்றிருந்தார். தமிழருடைய கடைகள் எரிந்ததைக் கண்ணால் கண்டு ஊர் திரும்பியவர். அந்த நாட்களைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. பேசாமல் விட்டதெல்லாம் சேர்ந்துதான் அந்தப் புத்திமதியாகியதோ என்று பின்னாளில் நான் நினைத்ததுண்டு.

கிழக்கிலிருந்து போகும் எங்களுக்குக் கொழும்பு என்பது சில தெருக்கள்தான். புறக்கோட்டை, மருதானை, மாளிகாவத்தை, கொம்பனித்தெரு. இரவு பஸ் விடியுமுன் புறக்கோட்டையில் இறக்கிவிடும். பையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் நடக்கக் கூடாது. பக்கத்துப் பள்ளிவாசலில் சுபஹைத் தொழுதுவிட்டு, வெளிச்சம் வந்த பிறகே தங்குமிடத்துக்குப் போக வேண்டும். சாப்பாட்டுக் கடை பற்றிய யோசனை இல்லை. ஏதாவது நடந்தால் ஓடிப்போய் ஒதுங்க நாலு கதவுகள் இருக்கும். வாப்பாவின் அளவுகோல் இப்படித்தான் எங்கள் வீட்டில் சட்டமாகியது. அதை நானும் பல காலம் முழுமையானது என்றே நம்பியிருந்தேன்.

2007 ஜூன் முதல் வாரம். பதவி உயர்வுக்கான நேர்முகப் பரீட்சைக்காக நானும் பாண்டிருப்பைச் சேர்ந்த ஒரு நண்பரும் பத்தரமுல்லைக்குப் போக வேண்டியிருந்தது. அவரும் என்னைப் போலக் கணித ஆசிரியர். கருத்தரங்குகளில் பழகி நெருக்கமானவர். எனக்கு 6ஆந் திகதி, அவருக்கு 7ஆந் திகதி. இருவரும் ஒரே பஸ்ஸில் அடுத்தடுத்த ஆசனங்களில் இருந்து போனோம். சோதனைச் சாவடிகளில் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடந்தோம். அட்டையில் இனம் எழுதப்பட்டிருக்காது. ஆனால் பெயர் ஒன்றே போதும். என் அட்டை பார்த்தவுடனே திரும்பி வரும். அவருடையதைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். எங்கே போகிறாய், எங்கே தங்குவாய், எப்போது திரும்புவாய் என்று கேட்பார்கள்.

ஒரு சாவடியைத் தாண்டி பஸ் புறப்பட்ட பிறகு, வாப்பாவின் புத்திமதியை அவருக்குச் சொன்னேன். நண்பர் சிரித்தார்.

"எங்களுக்கு அப்பிடி ஒரு சத்தம் இல்லையே மாஸ்டர். கோயில் மணி கேக்கிற இடத்தைத்தான் முதல்ல சோதிப்பாங்கள்."

புறக்கோட்டையில் பிரிந்தோம். அவர் கொட்டாஞ்சேனைப் பக்கம் தமக்குப் பழக்கமான லொட்ஜுக்கு ஓட்டோ பிடித்தார். நான் மாளிகாவத்தையில் சாச்சி வீட்டுக்குப் போனேன்.

இதை எழுத வைத்த விடயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. சாச்சி வீட்டில் முன்னறை சும்மா கிடந்தது. ஒரு கட்டிலும் ஒரு பாயும் போடலாம். நண்பரையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று சாச்சியிடம் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. சாச்சியின் மருமகன் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பத்துப் பிள்ளை. கையில் அகப்பட்டதோடு புத்தளத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். அந்த வீட்டில் ஒரு தமிழருக்கு இடம் கேட்பது அவருடைய மனதை நோகடிக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் பொய்யில்லை. ஆனால் கேட்டு, அவர்கள் மறுத்திருந்தால் அது வேறு. மறுப்பார்கள் என்று நானாகவே தீர்மானித்துவிட்டு, முன்னறையில் விசிறியைப் போட்டுக்கொண்டு தூங்கினேன். விடியற்காலையில் பாங்கு தெளிவாகக் கேட்டது.

அதே விடியற்காலையில்தான் லொட்ஜுகளின் கதவுகள் தட்டப்பட்டன. தகுந்த காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லி, 2007 ஜூன் 7ஆந் திகதி 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டுத் தலைநகரைவிட்டு அனுப்பப்பட்டார்கள். நண்பர் நேர்முகப் பரீட்சைக் கடிதத்தைக் காட்டியிருக்கிறார். அதைப் படித்துப் பார்க்க எவருக்கும் நேரமிருக்கவில்லை. மறுநாள் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவின்பேரில் உயர் நீதிமன்றம் இந்த வெளியேற்றத்துக்குத் தடை விதித்தது. பிரதமரும் பின்னர் வருத்தம் தெரிவித்தார். அதற்குள் நண்பருடைய திகதி கடந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து பாண்டிருப்புக்குப் போய் அவரைப் பார்த்தேன்.

"காசு குடுக்காம ஊர் வந்து சேந்தன் மாஸ்டர்" என்று சிரித்தார். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்த அவருடைய மனைவி சிரிக்கவில்லை. முன்னறையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றுதான் போயிருந்தேன். சொல்லாமலே எழுந்து வந்தேன்.

பன்னிரண்டு வருடங்கள் போயின. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஐந்து நாட்களில் எங்கள் சாய்ந்தமருதில் மோதலும் வெடிப்பும் நடந்தன. அதுவரை எங்கள் ஊரின் பெயரைக் கேள்விப்பட்டிராதவர்களும் ஒரே இரவில் அதை அறிந்துகொண்டார்கள். என் அடையாள அட்டையின் பின்புறத்தில் அந்தப் பெயர்தான் இருக்கிறது.

அந்த நேரத்தில்தான் என் மனைவிக்கு மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர்ச் சிகிச்சைக்குத் திகதி கிடைத்தது. வாரத்தில் ஐந்து நாட்களாக ஐந்து வாரங்கள். ஊரிலிருந்து போய் வர முடியாது. நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு தங்குவதற்கு இடம் தேடத் தொடங்கினேன். வைத்தியசாலைக்கு அருகே நோயாளிகளின் குடும்பங்களுக்கு அறைகளை வாடகைக்கு விடும் வீடுகள் இருந்தன. தொலைபேசியில் அன்பாகவே பேசினார்கள். பெயரைச் சொன்னதும் குரல் மாறும். ஊரைச் சொன்னதும், "இப்பதான் வேற ஆள் வந்திட்டாங்க" என்பார்கள். மஹரகமவில் 2013 பெப்ரவரியில் நடந்த ஹலால் எதிர்ப்புக் கூட்டம் வேறு நினைவில் இருந்தது. மாளிகாவத்தையில் சாச்சா மௌத்தாகி, முன்னறையில் பேரப்பிள்ளைகள் குடியிருந்தார்கள். அதைவிட, பாங்கு கேட்கும் தெருக்களில்தான் அப்போது தேடுதல்கள் நடந்தன. வாப்பாவின் அளவுகோல் தலைகீழாகிவிட்டது.

ஒருநாள் மாலை நண்பரிடமிருந்து அழைப்பு வந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவர் வெள்ளவத்தையில் மகளோடு இருந்தார். மனைவியின் சுகவீனத்தை எவரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார்.

"இஞ்ச வாங்க மாஸ்டர். ஒரு அறை சும்மாதான் கிடக்கு. ரெண்டாம் மாடி. லிப்ட் இருக்கு. மஹரகமவுக்கு ஓட்டோ பேசலாம்."

நான் பதில் சொல்லத் தடுமாறினேன். அவர் தொடர்ந்தார்.

"வெள்ளவத்தைப் பள்ளி கிட்டத்தான். பாங்கு கேக்கும்."

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பஸ்ஸில் நான் சொன்னதை அவர் மறக்கவில்லை. அப்படியானால் அன்று புறக்கோட்டையில் நான் என்ன கேட்காமல் பிரிந்தேன் என்பதையும் அவர் அறிந்துதான் இருந்தார். தொலைபேசியை வைத்துவிட்டு நெடுநேரம் முற்றத்தில் நின்றேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்த அன்றே, "நாமளே போய்ப் பதிஞ்சிட்டு வருவம். பிறகு ஒருத்தரும் வந்து கதவு தட்டத் தேவையில்ல" என்று என்னைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். விருந்தாளியின் விபரங்களை எழுதும்போது அவருடைய கைக்குத் தயக்கம் இருக்கவில்லை. எந்தக் கேள்விக்கு எந்த விடையைக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் அது முதல் தடவை.

எல்லாமே இலகுவாக இருந்தது என்று எழுதினால் அது பொய். எதிர் வீட்டுப் பெண்மணி எங்களைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொள்வார். அவருடைய உறவினர் ஒருவர் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் இறந்தவர் என்று நண்பரின் மகள் சொன்னாள். அந்தக் கதவின் மீது எனக்குக் கோபம் வரவில்லை. நாலாவது வாரம், மின்தூக்கிக்குள் தனியே அகப்பட்டபோது, "அவவுக்கு இப்ப சாப்பாடு இறங்குதா?" என்று என்னிடம் கேட்டார். அதற்கு மேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

கடைசிக் கிழமையில் ஒரு மஃரிபுக்குப் பிறகு, கடற்கரை ரயில் பாதையோரம் நடந்துகொண்டிருந்தபோது முன்னறையைப் பற்றி நண்பரிடம் சொன்னேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அண்டைக்கு நானும் கேக்கேல்லயே மாஸ்டர்" என்றார். சிறிது நேரம் கழித்து, "கேட்டிருந்தா உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும்" என்றும் சொன்னார். அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டா என்று இன்றும் தெரியவில்லை.

என் மனைவி சுகமாக இருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ்.

அண்மையில் என் தம்பியின் மகள் கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி, போடிங் எடுப்பதற்கு எந்தப் பகுதி நல்லது என்று கேட்டு வந்தாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பகலில் மட்டும் பார்த்து முடிவெடுக்காதே. மஃரிபுக்குப் பிறகு ஒருமுறை அந்தத் தெருவில் வாப்பாவோடு நடந்து பார். விளக்குகள் எரிகின்றனவா, பஸ் தரிப்பிடத்திலிருந்து எவ்வளவு தூரம், கடைகள் எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று பார். வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்கிறாரா என்று விசாரி. முன்பு இருந்த பிள்ளைகள் ஏன் போனார்கள் என்று கேள்.

அவள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். எழும்பும்போது, கல்முனையிலிருந்து தன்னோடு இன்னொரு பிள்ளையும் தெரிவாகியிருக்கிறாள், தமிழ்ப் பிள்ளை, ரியூசனில் ஒன்றாகப் படித்தவள் என்றாள்.

"அவள் எங்க தங்கிற?" என்று கேட்டேன்.

"தெரியா பெரியப்பா. நான் கேக்கல்ல."

"முதல்ல அதைக் கேளு மகள்" என்றேன்.